லோக்கல்: இடத்தைக் களவாடிய ஒரு சொல்

சொற்கள் தாமாகப் பாவம் செய்வதில்லை. அவற்றைச் சுமந்து திரியும் நாவுகளே செய்கின்றன. எனினும் ஒரு சொல் பலருடைய நாவில் பல்லாண்டுகள் ஒரே வகையில் புழங்கிவிட்டால், அப்பாவத்தின் தழும்பைத் தன் பொருளிலேயே தாங்கத் தொடங்கிவிடுகிறது. அத்தகைய சொல் ஒன்றைப் பற்றி வாசகரோடு வழக்காட விழைகிறோம். அது 'லோக்கல்' என்னும் ஆங்கிலச் சொல்.

மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றிய தெருக்களிலும், தியாகராய நகர்க் கடைகளிலும், அடையாற்று அடுக்ககங்களின் மின்தூக்கிகளிலும் இச்சொல்லை நாள்தோறும் கேட்கிறோம். "லோக்கலா பேசாதே" என்று தாய் மகளைக் கடிகிறாள். "அது கொஞ்சம் லோக்கல் ஏரியா" என்று வீட்டுத் தரகர் குரலைத் தாழ்த்துகிறார். "லோக்கல் பசங்களோட என்ன சகவாசம்?" என்று தந்தை மகனைக் கேட்கிறார். இம்மூன்று வாக்கியங்களிலும் அச்சொல்லுக்கு என்ன பொருள்? 'தாழ்ந்த' என்பதே பொருள். கேட்பவர் யாரும் விளக்கம் கேட்பதில்லை. எல்லாருக்கும் அது விளங்கிவிடுகிறது. அவ்வாறு விளங்கிவிடுவதுதான் நம் கவலை.

ஆங்கிலேயரிடம் கேட்டால் அவர் திகைத்துப்போவார். இலத்தீன் மொழியில் 'லோக்குஸ்' என்றால் இடம். அதிலிருந்து வந்த 'லோக்கல்' இடத்தைச் சார்ந்தது, உள்ளூருக்குரியது என்னும் அளவிலேயே நிற்பது. நம் சென்னையும் அதனை முதலில் அவ்வாறே ஏற்றது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்து மக்கள் அதனை லோக்கல் ரயில் என்றனர். அதில் ஏறிய வழக்கறிஞரும் எழுத்தரும் தம்மைத் தாழ்த்திக்கொண்டதாக எண்ணவில்லை. தொலைபேசியில் வெளியூருக்குப் பேசினால் டிரங்க் கால், உள்ளூருக்குப் பேசினால் லோக்கல் கால். அதிலும் இழிவு இல்லை.

அதற்கும் முன்பு, இச்சொல்லுக்குப் பெருமையே இருந்தது. 1882-இல் அரசப் பிரதிநிதி ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் இந்நாட்டு உள்ளாட்சியின் அடித்தளம் எனப் போற்றப்படுகிறது. அதனைத் தொடர்ந்து 1884-இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்தின் பெயரே லோக்கல் போர்டுகள் சட்டம் என்பது. அந்தந்த ஊரின் சாலையையும் பள்ளியையும் அந்தந்த ஊராரே பேணும் தகுதி உடையவர்கள் என்னும் நம்பிக்கை அச்சொல்லுக்குள் இருந்தது. அந்த ரிப்பன், 1874-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். அவர் பெயரால் 1913-இல் திறக்கப்பட்ட வெண்மாளிகையில்தான் நம் மாநகராட்சி இன்றும் இயங்குகிறது. தன்னாட்சிக்கு உரியவரைக் குறித்த சொல், அதே நகரில் தள்ளிவைக்கத் தக்கவரைக் குறிக்கும் சொல்லாயிற்று. இவ்வீழ்ச்சி எவ்வாறு நேர்ந்தது?

கடைவீதி வழியாக நேர்ந்தது என்று கருதுகிறோம். வெளிநாட்டுப் பொருளும் பெயர்பெற்ற கம்பெனிப் பொருளும் உயர்ந்தவை, இங்கே செய்தவை மட்டமானவை என்ற எண்ணம் வேரூன்றியபோது, "இது லோக்கல், அது கம்பெனி" என்னும் பேச்சு எழுந்தது. மின்விசிறியையும் காலணியையும் பற்றி அவ்வாறு பேசுவதில் பெருங்குற்றம் இல்லை. பண்டத்துக்குத் தரம் உண்டு. வாங்குபவர் தரம் பார்ப்பார். ஆனால் பண்டத்துக்கு இட்ட முத்திரையை மனிதர் நெற்றியில் குத்தியபோதுதான் கேடு தொடங்கிற்று. மனிதர் ஒரு தொழிற்சாலையில் வார்க்கப்பட்டவர் அல்லர். கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர். அந்தச் சாயலில் முதல் தரம், இரண்டாம் தரம் என்ற பாகுபாடு கிடையாது.

இத்தகைய வீழ்ச்சி மொழிகளுக்குப் புதிதன்று. இலத்தீனில் 'வில்லானுஸ்' என்றால் பண்ணையில் உழைக்கும் குடியானவன். அவனே பிற்பாடு ஆங்கிலத்தில் 'வில்லன்' ஆனான். 'வுல்குஸ்' என்றால் பொதுமக்கள். அதிலிருந்து வந்த 'வல்கர்' இன்று ஆபாசத்தைக் குறிக்கிறது. ஆனால் அதே வேரிலிருந்து வந்த 'வுல்காத்தா' என்னும் பெயரையே புனித எரோணிமுவின் இலத்தீன் விவிலியம் தாங்கி நிற்கிறது. நம் தமிழும் இக்குற்றத்துக்கு விலக்கன்று. 'சேரி' என்பது முற்காலத்தில் குடியிருப்பு என்னும் பொதுச்சொல். சோழர்காலக் கல்வெட்டுகளில் அந்தணர் குடியிருப்பின் பகுதிகளும் சேரி என்றே அழைக்கப்பட்டன. அச்சொல்லை ஒரு சாராரின் வாழ்விடத்துக்கு மட்டுமே ஒதுக்கி, பின் அதையே இகழ்ச்சியாக்கியது யார்? சொல்லா, சொன்னவரா? எங்கெல்லாம் உழைப்போரைக் கண்டு உடையோர் முகம் சுளித்தார்களோ, அங்கெல்லாம் உழைப்போரைக் குறித்த பொதுச்சொல் வசையாகியிருக்கிறது. 'லோக்கல்' அந்த நீண்ட வரிசையில் புதிதாக வந்து நிற்பது.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகராதிப்படி பார்த்தால், சென்னையில் உண்மையான உள்ளூரார் யார்? தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் பகுதியின் பேரேரியைத் தூர்த்து எழுப்பப்பட்டது. 1925-இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கி, நூறாண்டு அளவே ஆயிற்று. பெசன்ட் நகர் அதனினும் இளையது. வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து உருவாக்கிய பகுதி. அதன் ஓரத்திலுள்ள ஊரூர் குப்பமோ அதற்கு மிகமுன்பே அங்கிருந்த ஊர். பட்டினப்பாக்கம் முதல் கலங்கரை விளக்கம் வரை கடலோரத்தில் வாழும் மீனவர்கள், அடுக்ககங்கள் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே அக்கரையில் வலை உலர்த்தியவர்கள். நேற்று வந்தவர் என்றும் இருப்பவரைப் பார்த்து 'லோக்கல்' என்கிறார். அவர் சொல்வது அகராதிப்படி உண்மைதான். ஆனால் அவர் கருதிய பொருள் அதுவன்று. பல தலைமுறையாக மயிலாப்பூர் மாடவீதியில் வாழும் செல்வரை யாரும் 'லோக்கல்' என்பதில்லையே! ஆகவே இச்சொல் இடத்தைக் குறிக்கவில்லை. சாதியையும் வறுமையையும் குறிக்கிறது. வெளிப்படையாகச் சாதிப்பெயர் சொல்லி இகழ்ந்தால் சட்டம் கேட்கும், நாகரிகமும் தடுக்கும். எனவே ஆங்கில உடையணிந்த ஒரு சொல்லைத் தூதனுப்புகிறார்கள். சாதியின் பெயரை உச்சரிக்காமலே சாதியைச் சொல்லிவிடும் வசதிதான் இச்சொல்லின் செல்வாக்குக்குக் காரணம்.

"நாங்கள் பேச்சைத்தானே சொல்கிறோம், ஆளை அல்லவே" என்பர் சிலர். சரி, அந்தப் பேச்சையும் பார்ப்போம். மெட்ராஸ் பாஷை என்று எள்ளப்படுவதில் உள்ள 'கஸ்மாலம்' வடமொழியின் 'கச்மலம்'. 'நாஸ்தா', 'பேஜார்', 'உஷார்' ஆகியவை உருது வழியாக வந்தவை. 'பேமானி' என்பதும் அவ்வழியே வந்தது. நேர்மையற்றவன் என்று பொருள். துறைமுகத்திலும் படைக்கொட்டிலிலும் சந்தையிலும் பல இனத்தாரோடு தோள் உரசி உழைத்தவர்கள் திரட்டிய மொழி அது. 'லோக்கல்' என்று இகழப்படும் பேச்சே நகரின் பேச்சுகளுள் பல தேசம் கண்ட பேச்சு. அதனை இகழ்பவர் வீட்டில் மேசையும் சன்னலும் சாவியும் அலமாரியும் இருக்கின்றன. அவையனைத்தும் போர்த்துக்கீசியர் வழி வந்த சொற்கள். பதினாறாம் நூற்றாண்டில் சாந்தோம் கரையில் குடியேறிய அந்தப் போர்த்துக்கீசியரோடு முதலில் பழகியவர்களுள் இக்கடலோரத்தாரும் இருந்தனர். கலப்பு மேல்தளத்தில் நிகழ்ந்தால் பண்பாடு, கீழ்த்தளத்தில் நிகழ்ந்தால் லோக்கலா?

வேறு சிலர், "நாங்கள் சுட்டுவது நடத்தையை; கூச்சலை, வசைமொழியை, ஒழுங்கின்மையை" என்பர். அவ்வாறாயின் அவற்றுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது. முரட்டுத்தனம், அநாகரிகம், வாய்த்துடுக்கு என்று சொல்லலாமே. மகிழுந்தின் கண்ணாடியை இறக்கி எச்சில் குப்பியைச் சாலையில் வீசுபவரை, உணவகத்தில் பரிமாறும் இளைஞனை ஒருமையில் விரட்டுபவரை, 'லோக்கல்' என்று யாரேனும் சொல்லக் கேட்டதுண்டா? அவருக்குக் 'கோபக்காரர்' என்று பெயர். அதே செயலைக் குப்பத்து இளைஞன் செய்தால் அது அவனுடைய குணமாகிவிடுகிறது, அவனுடைய தெருவின் குணமாகவும் ஆகிவிடுகிறது. செயலை விட்டுவிட்டு முகவரியைக் கண்டிக்கும் சொல் ஒழுக்கம் கற்பிக்காது.

கிறிஸ்தவராகிய நாம் இதனை எவ்வாறு நோக்க வேண்டும்? நற்செய்தி இவ்வசையை நன்கு அறியும். நாசரேத்திலிருந்து நல்லது ஏதேனும் வரக்கூடுமா என்று நத்தனியேல் ஐயுற்றார் (யோவா 1:46). அவர் கேட்டது இன்றைய சென்னைத் தமிழில் "அது ரொம்ப லோக்கல் ஊராயிற்றே" என்பதுதான். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவருடைய பேச்சு வழக்கு (மத் 26:73). கலிலேயக் கடற்கரையின் உச்சரிப்பு எருசலேமின் செவிக்கு உடனே தனித்துக் கேட்டது. பின்னர்த் தலைமைச் சங்கத்தார் பேதுருவையும் யோவானையும் கண்டு, இவர்கள் கல்வியறிவற்ற சாதாரண மக்களாயிற்றே என வியந்தனர் (திப 4:13). கிரேக்க மூலத்தில் அங்கே வரும் 'இதியோத்தாய்' என்னும் சொல்லின் வேரிலிருந்தே ஆங்கிலத்தின் 'இடியட்' பிறந்தது. திருச்சபையின் முதல் தலைவர், தம் காலத்து மேட்டுக்குடியின் நாவில், முழுமையான லோக்கல்!

இது தற்செயலன்று; நம் விசுவாசத்தின் நடுவே இருப்பது. வாக்கு மனுவுருவானார் என்று அறிக்கையிடுகிறோம். எங்கும் நிறைந்தவர் ஓரிடத்தில் வந்து குடிகொண்டார் என்பதன்றி அதற்கு வேறென்ன பொருள்? ஓர் ஊரின் தண்ணீரைக் குடித்தார். ஒரு தச்சர் வீட்டில் வளர்ந்தார். ஒரு வட்டார வழக்கில் பேசினார். கடவுள் உள்ளூரார் ஆனதை மீட்பு என்று கொண்டாடிவிட்டு, உள்ளூரார் என்பதையே ஒரு வசையாக வழங்குபவர் தம் நாவாலேயே தம் விசுவாச அறிக்கையை மறுக்கிறார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'தலத் திருச்சபை' என்னும் எண்ணத்தை நமக்கு மீட்டளித்தது. சிறியவையும் வறியவையும் சிதறியவையுமான தலச்சபைகளிலும் கிறிஸ்து உடனிருக்கிறார் எனத் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம் கற்பிக்கிறது (எண் 26). 1974-இல் தைப்பேயில் கூடிய ஆசிய ஆயர்கள், மெய்யான தலத் திருச்சபையைக் கட்டியெழுப்புவதையே நற்செய்திப் பணியின் மையமாக வைத்தனர். இத்தொடர்களில் எல்லாம் ஆங்கிலத்தில் நிற்பது அதே 'லோக்கல்' என்னும் சொல். ஞாயிறு மறையுரையில் தலத் திருச்சபை என்று கேட்டுத் தலையசைத்துவிட்டு, வாசலில் நின்று "இந்தப் பூசைக்கு லோக்கல் கூட்டம் அதிகம்" என்பவர், தாம் எத்துணைப் பெரிய உண்மையைச் சொல்லிவிட்டார் என்று அறியார்.

வரலாற்றையும் சற்றே நினைப்போம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அருள்பணி என்றிக்கே என்றிக்கசு அடிகள் முத்துக்குளித்துறையில் உழைத்தவர். அங்குள்ள கடலோர மக்களோடு வாழ்ந்து, அவர்கள் பேச்சைச் செவிவழிக் கேட்டுத் தமிழ் கற்றவர். தமிழ் அச்சுக்கலையின் விடியலில் நிற்பவர்கள் மீனவ மக்கள். இன்று அவர்கள் பேச்சைக் கேட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்கிறோம்!

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று வாசகர் எண்ண வேண்டாம். நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். பீடச்சிறுவர் பயிற்சியில் குப்பத்துப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்தனர். விடியலில் தகப்பனோடு நின்று வலையிலிருந்து மீன் பிரித்துவிட்டு, குளித்து, ஆறு மணித் திருப்பலிக்கு வந்துவிடுவார்கள். ஒரு தாய் நம்மைத் தனியே கண்டார். "தப்பா நினைக்காதீங்க ஃபாதர். அந்தப் பசங்க ரொம்ப லோக்கல். எங்க பையன் அவங்க பேச்சைக் கத்துக்கிறான்" என்றார். "அவர்கள் நேரந்தவறாமையையும் கற்றுக்கொள்ளட்டும் அம்மா" என்றோம். மகனை நிறுத்திவிட்டார். அதைவிட நம்மை வருத்தியது பின்னர் நிகழ்ந்தது. அந்நால்வருள் ஒருவன், வாசகம் வாசிக்க அழைத்தபோது மறுத்தான். "என் பேச்சு லோக்கலா இருக்கும் ஃபாதர், சிரிப்பாங்க" என்றான். பிறர் சொன்ன வசை அவன் தன்னைப் பற்றிச் சொல்லும் விளக்கமாகிவிட்டது. இறைவார்த்தையை வாசிக்க வேண்டிய ஒரு குரலை ஒரு சொல் அடைத்துவிட்டது.

நம் பள்ளிகளின் வாயிலிலும் இச்சொல் காவல் நிற்கிறது. தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு நான்கில் ஒரு பங்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் நியாயத்தை வழக்கறிஞர்கள் வாதிடட்டும். சிறுபான்மை உரிமை நமக்குத் தேவை. அதனைக் காப்பதும் கடமை. ஆனால் அவ்வுரிமையின் நிழலில், "லோக்கல் பிள்ளைகள் சேர்ந்தால் பள்ளியின் பெயர் போய்விடும்" என்னும் பெற்றோரின் அச்சத்துக்கு இடங்கொடுக்கும் பள்ளி, சட்டத்தின் முன் நிரபராதியாக நிற்கலாம். நற்செய்தியின் முன் எவ்வாறு நிற்கும்? நற்செய்தியிலிருந்து விலக்களிக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

நகரத்தின் வரைபடத்தையும் இச்சொல் மாற்றுகிறது. 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரத்துக் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்டார். 2023 ஏப்ரலில், சாந்தோம் கடற்கரை இணைப்புச் சாலையில் மீன் விற்றோரை அகற்றியபோது மீனவர் சாலையை மறித்தனர். பின்பு 2024-இல் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு மீன் அங்காடி திறக்கப்பட்டது. இவ்வழக்குகளின் சட்ட நுணுக்கங்களுக்குள் நாம் புகவில்லை. ஒன்றே கேட்கிறோம். ஒரு தெருவை 'லோக்கல்' என்று இருபதாண்டுகள் பேசிப் பழகிய நகரம், அத்தெரு இடிபடும்போது கண்ணீர் விடுமா? மனத்தில் முன்பே அப்புறப்படுத்திவிட்டவரை மண்ணிலிருந்து அப்புறப்படுத்துவது எளிது.

"பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா?" என்பது நியாயமான கேள்வி. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. நற்பெயர்தான். ஆயினும் அடுத்த ஆண்டே கோவிந்தசாமி நகரைக் கண்டோம். பெயர் மாறுவது போதாது என்பதை ஒப்புகிறோம். ஆகவே 'லோக்கல்' என்பதற்கு மாற்றாக இன்னொரு மென்மையான சொல்லை நாம் முன்மொழியவில்லை. அதே இகழ்ச்சி நாளை அச்சொல்லிலும் குடியேறிவிடும்.

இளைஞர் சிலர் வேறொரு வழி காண்கின்றனர். "நான் பக்கா லோக்கல்" என்று மார்தட்டுகின்றனர். திரைப்படமும் துணைசெய்கிறது. 2015-இல் வந்த 'மாரி' படத்தின் 'தர லோக்கல்' பாட்டும், 2019-இல் வந்த 'மிஸ்டர் லோக்கல்' படமும் இச்சொல்லுக்கு மாலையிட்டன. வசையை அணியாக்கும் துணிவை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தத் திரை லோக்கலின் இலக்கணம் என்ன? கைலியை மடித்துக் கட்டுவதும் சண்டைக்கு அஞ்சாததும்தானே! மேல்தட்டு வரைந்த கேலிச்சித்திரத்தையே கண்ணாடி என்று நம்பி அதன்படி தலைவாரிக்கொள்வது விடுதலையாகாது. விடியலில் வலை பிரிக்கும் சிறுவனும், நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கி மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாயும் அந்தச் சித்திரத்தில் இல்லை.

மெய்யான மறுமொழியைக் கண்ணகி நகர் தந்தது. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் குடியமர்த்தப்பட்ட பகுதி அது. அம்முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்குள்ள இளைஞர் நெடுநாள் வருந்தியதுண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றது. அவ்வணியில் ஆடிய கார்த்திகா 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே அறியப்பட்டார். எத்துணை அழகு! அவர் தம்மை 'லோக்கல்' என்று சொல்லிக்கொள்ளவில்லை. தம் ஊரின் பெயரைச் சொன்னார். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே நம் வாதத்தின் சாரம். இடம் என்னும் வேரிலிருந்து பிறந்த 'லோக்கல்', எந்த இடத்தின் பெயரையும் சொல்வதில்லை. எல்லா ஏழை ஊர்களையும் பெயரற்ற ஒரே சேறாகக் குழைத்துவிடுகிறது. இடத்தைக் களவாடிய சொல் என்று தலைப்பிட்டது இதனால்தான்.

ஆதலின் வாசகர்க்கு எம் விண்ணப்பம் எளியது. உம் முன்னே எவரேனும் ஒருவரை 'லோக்கல்' என்றால், சினங்கொள்ளாமல் கேளுங்கள்: "எந்த ஊருக்கு லோக்கல்?" நொச்சிக்குப்பம் என்பாரா, ஓடைக்குப்பம் என்பாரா, சொல்லட்டும். ஊர்ப்பெயர் வாயில் வந்ததும், அங்கே வாழும் ஒருவரின் பெயரையும் கேளுங்கள். பெயர் தெரியாதெனில், அன்பியக் கூட்டத்தை அடுத்தமுறை அவ்வீதியில் கூட்டுங்கள். மறைக்கல்வி வகுப்பில் இச்சொல்லைக் கேட்கும் ஆசிரியர் அதைக் கேளாதவர்போல் கடந்து செல்ல வேண்டாம். வாசகம் வாசிப்போர் பட்டியலைப் பங்குப் பேரவை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்; அதில் எத்தெருக்களின் குரல் இல்லை என்பது விளங்கும்.

ஆங்கிலத்தில் 'பாரிஷ்' எனப்படுவதன் கிரேக்க வேர் 'பரோய்க்கியா'. சொந்த நிலமும் உரிமையும் இல்லாது அருகே குடியிருப்போரின் கூட்டம் என்பது அதன் முதற்பொருள். திருத்தூதர் பேதுருவும் விசுவாசிகளை அந்நியரும் தற்காலக் குடிகளும் என்றே விளிக்கிறார் (1 பேது 2:11). நம் முன்னோர் அதனைத் தமிழில் 'பங்கு' என்றனர். பங்கு என்பது பகிர்ந்து பெறுவது. ஒருவரை விலக்கிவிட்டால் பங்கீடே பிழையாகிவிடும். நற்கருணை வாங்க வரிசையில் நிற்கையில் நமக்கு முன்னும் பின்னும் நிற்பவர் எத்தெருவினர் என்று அப்பம் கேட்பதில்லை. வரிசை கலைந்து வாசலுக்கு வந்தபின் நம் நாவும் கேளாதிருக்கட்டும்.